பக்கத்து வீட்டுப் பெண்

கடல் தாண்டிப் போகிறவளுக்குக் கண்ணில் படுவதெல்லாம் புதிதாக இருக்க வேண்டாமா? எனக்கு வாய்த்தது தேயிலை. ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள் நான். படிப்பதற்காகக் கோயம்புத்தூர் வந்து, முதல் சனிக்கிழமையே மேட்டுப்பாளையத்தில் பஸ் பிடித்துக் குன்னூரில் இறங்கினால், எதிர்மலை முழுக்க அதே பச்சை, அதே குளிர். சே, இதற்கா பாஸ்போர்ட் எடுத்தோம் என்று எரிச்சல்தான் வந்தது.

குன்னூரில் பெரியம்மா இருந்தார், அம்மாவின் கூடப்பிறந்த அக்கா. நான் பிறப்பதற்கு முன், தோட்டத்து ஆட்களைப் பிரித்து இந்தியாவுக்கு அனுப்பியபோது, பெரியம்மா குடும்பத்துக்கு இந்தியக் குடியுரிமை கிடைத்துக் கப்பல் ஏறினார்கள். அம்மா இலங்கையிலேயே நின்றுவிட்டார். அதற்குப் பிறகு இருவரும் பார்த்துக்கொள்ளவே இல்லை. அம்மாவின் கண்ணாக இருந்து பார்த்துவிட்டு வா என்றுதான் என்னை அனுப்பியிருந்தார்கள்.

பெரியம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுதுகொண்டே கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

"நாளைக்கு உங்கக்காவைப் பொண்ணு பாக்க வர்றாங்க. மேட்டுப்பாளையத்து ஆளுங்க. நாம சிலோன்ல இருந்து வந்தவங்கன்னு அவங்களுக்குத் தெரியாது. இந்தத் தெருவுலயே யாருக்கும் தெரியாது. பூர்வீகம் முசிறிப் பக்கம்னு சொல்லி வெச்சிருக்கோம். நீ வாயைத் தொறந்தா உம் பேச்சே காட்டிக் குடுத்துரும் சாமி."

முசிறி பொய்யில்லை. எங்கள் பாட்டன் பூட்டன் அங்கிருந்துதான் இலங்கைக்குப் போனார்கள். நடுவில் இருந்த நூறு வருடத்தைத்தான் பெரியம்மா விழுங்கியிருந்தார். முன்பு ஒரு சம்பந்தம் 'சிலோன்காரங்களா' என்ற கேள்வியோடு நின்றுபோனதாம். இலங்கை என்று சொன்னாலே வாடகைக்கு வீடு தர யோசித்த வருடங்கள் வேறு. காரணமெல்லாம் புரிந்தது. ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு தூரம் வந்தது வாயைப் பொத்திக்கொண்டு உட்காரவா?

மத்தியானம் அக்கா என்னை வெளியே கூட்டிப்போனாள். பெரியம்மாவின் ஒரே மகள், என்னைவிட நான்கைந்து வயது மூத்தவள். ஓர் ஊரை ஊமையாகச் சுற்றிப் பார்த்தால் தெரியும், அது என்ன தண்டனை என்று. பூங்காவில் பெயர் தெரியாத பூக்கள், யாரிடமும் கேட்க முடியாது. மார்க்கெட்டில் சுடச்சுட வர்க்கி வாங்கித் தந்தாள். கடித்தால் அடுக்கடுக்காக உதிர்ந்தது. ருசியாக இருக்கிறது என்று கடைக்காரரிடம் சொல்லக்கூட முடியாமல் தலையை மட்டும் ஆட்டினேன். "தங்கச்சிக்குத் தொண்டை கட்டிக்கிச்சுங்க" என்று அக்கா எனக்காகப் பேசினாள்.

அவளுடைய தோழி ஒருத்தி படகர் வீட்டுப் பெண். பக்கத்து ஹட்டியில், அதாவது அவர்கள் ஊரில், அவள் வீட்டுக்குப் போனோம். உள்ளே நுழைந்ததும் அக்கா தோழியின் அம்மா முன்னால் தலை குனிந்தாள். அந்த அம்மாள் தலையில் கை வைத்துப் படகர் மொழியில் ஏதோ வாழ்த்தினார். அடுத்து நானும் குனிந்தேன். அதே கை, அதே வாழ்த்து. எந்த ஊர், யார் மகள் என்று ஒன்றும் கேட்கவில்லை. ராகிக் களியும் அவரைக் குழம்பும் போட்டார்கள். எனக்கு நிஜமாகவே தொண்டை கட்டிவிட்டது.

திரும்பும் வழியில், தேயிலைச் சரிவின் ஒற்றையடிப் பாதையில், அக்கா சட்டென்று நின்றாள். "எனக்கு அவரைப் புடிச்சிருக்குடி. ஒரு கல்யாணத்துல பாத்தோம். அவருக்கும் புடிச்சுப்போய்த்தான் அவங்க வீட்டுல சொல்லியிருக்காரு. நாளைக்கு ஒரு நாள் பொறுத்துக்க."

அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். என் கோபமெல்லாம் எங்கே போனதோ! சரி என்று அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

ஞாயிறு காலை அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா. பெரியப்பா கைகூப்பியபடியே நின்றார். நான் சமையலறையில் பஜ்ஜியைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அக்கா பட்டுப்புடவையில் காப்பித் தட்டைத் தூக்கினாள். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அம்மா சமையலறை வாசல் வரை எழுந்து வந்துவிட்டார். நல்ல முகம். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இது யாருங்க?"

"பக்கத்து ஊட்டுப் பொண்ணுங்க. கூடமாட ஒத்தாசைக்கு வந்துச்சு" என்றார் பெரியம்மா.

நான் குனிந்த தலை நிமிரவில்லை. சத்தியம் செய்திருந்தேனே. ஆனால் கண்ணீரிடம் யார் சத்தியம் வாங்க முடியும்? பஜ்ஜித் தட்டில் சொட்டியது. அக்கா அதைப் பார்த்துவிட்டாள்.

காப்பித் தட்டை அடுப்பு மேடையில் வைத்தாள்.

"இவ எஞ் சித்தி பொண்ணுங்க. சிலோன்ல இருந்து வந்திருக்கா. நாங்களும் அங்கிருந்து வந்தவங்கதானுங்க."

பெரியம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளையின் அம்மா அக்காவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "அப்படீங்களா" என்றார். கோபமில்லை, ஏச்சில்லை. முன்னறைக்குப் போய் உட்கார்ந்தார். அக்காவே காப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். குடித்தார்கள். முன்னறையில் வைத்திருந்த கேசரியை யாரும் தொடவில்லை. "ஊட்டுல கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்பறோமுங்க" என்று எழுந்தார்கள். மாப்பிள்ளை படியிறங்கும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான்.

கதவு சாத்தியதும் பெரியம்மா என் பக்கம் திரும்பினார். "உன்னை யாருடி இந்த நேரம் பாத்து வரச் சொன்னது? எம் பொண்ணு பொழப்புல மண்ணைப் போட்டுட்டியே!"

நான் பையை எடுத்தேன். அக்கா அதைப் பிடுங்கிக் கீழே வைத்தாள். பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

"அவளைத் திட்டாதம்மா. நான் கட்டிப் போறேன்னே வெச்சுக்க. நாளைக்கு அங்க சித்தி செத்துப் போச்சுன்னு சேதி வந்தா, அந்த ஊட்டுல நான் யாருக்குன்னு சொல்லி அழுவேன்? பக்கத்து ஊட்டுக்காரிக்குன்னா?"

பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். பிறகு என் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் இருத்தினார். தெருவில் யார் காதில் விழுகிறது என்று பார்க்காமல், தங்கச்சியின் பெயரைச் சொல்லிச் சத்தம் போட்டு அழுதார்.