கதவு திறந்துவிட்டவள்

என் அக்காவைப் பற்றி யாராவது, "பாவம், வீட்டைக் காப்பாத்தத் தெரியாதவ" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள் அவள். ரத்தக்கறை பட்ட விரிப்புகளைத் தனியாகப் பிரித்துப் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டு, பிறகுதான் இயந்திரத்தில் போடுவாள். அத்தான் போன பிறகு அந்தச் சம்பளத்தில்தான் இரண்டு பெண்களையும் வளர்த்தாள்.

வீடில்லாதவர்களுக்கு வீடு கட்டித்தரும் ஒரு டிரஸ்ட் அவளைத் தேர்ந்தெடுத்தது. இலவசமாக இல்லை. மாதாமாதம் தவணை கட்ட வேண்டும். கட்டட வேலையிலும் கைகொடுக்க வேண்டும். அக்கா செங்கல் சுமந்தாள், சுவருக்குத் தண்ணீர் ஊற்றினாள். நன்கொடையாளர்கள் கையுறை மாட்டிக்கொண்டு வந்து, ஒரு ஜன்னலுக்குப் பாதி பெயின்ட் அடித்துவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். மீதியை அக்கா அடித்தாள்.

வரிசையில் முதல் வீடு அவளுடையது. கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல வைத்திருப்பாள். அதுவே வினையாகிப்போனது. யார் நன்கொடை கொடுக்க வந்தாலும் டிரஸ்ட் அதிகாரி அவர்களை வேனில் ஏற்றி நேரே அங்கேதான் கொண்டுவருவார். எந்நேரமும் பல்லைக் காட்டுவதால் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் சிரிப்புக்காரர். "நீங்க இருந்து காட்டினாதான்மா நல்லா இருக்கும்" என்பார். அது வேலை நாளாகத்தான் இருக்கும். அக்கா அரைநாள் லீவு போடுவாள். சமையலறையைக் காட்டுவாள், குளியலறையைக் காட்டுவாள், "இப்ப நிம்மதியா இருக்கோம்" என்று கிளிப்பிள்ளை மாதிரி சொல்வாள்.

"நீ என்ன பொருட்காட்சியா நடத்துற? முடியாதுன்னு சொல்லேன்!" என்று ஒருநாள் கத்தினேன்.

"எப்படிடி சொல்றது? நம்மள நம்பி வீடு கொடுத்தவங்க."

"கொடுத்தாங்களா? வித்தாங்க! மாசாமாசம் தவணை கட்டுறது யாரு, அவங்க அப்பனா?"

"மெதுவா பேசுடி, யார் காதுலயாவது விழப்போகுது."

சலவைக்கூட சூப்பர்வைசர்தான் எத்தனை நாள் பொறுப்பார்? விரிப்பு வராமல் வார்டில் நோயாளிகள் காத்துக்கிடக்கும்போது, இவள் வீட்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தாள். நிரந்தர வேலை போனது. ஆள் குறைந்தால் மட்டும் கூப்பிட்டார்கள். சம்பளம் பாதியானது, தவணை குறையவில்லை.

தவணை தவறத் தொடங்கியதும் அக்காவோடு நானும் சிரிப்புக்காரரைப் பார்க்கப் போனேன். இந்த லீவெல்லாம் யாருக்காகப் போட்டது என்று அவள் கேட்கவில்லை, நான் கேட்டேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "வரவுக்குள்ள செலவு பண்றது எப்படின்னு ஒரு வகுப்பு நடத்துறோம். வந்து உக்காருங்கம்மா" என்றார் அவளிடம். ஒரு சோப்புத் துண்டைக்கூட வீணாக்காதவளுக்கு வகுப்பு! அந்த மேஜையைத் தூக்கி அவர் தலையில் போடலாம் போல இருந்தது. அக்கா வகுப்புக்கும் போனாள். அதற்கும் அரைநாள் சம்பளம் போயிற்று.

கடைசியில் வீட்டை டிரஸ்டே திரும்ப எடுத்துக்கொண்டது. காலி செய்யும் நாளும் வேன் வரும் நாளும் ஒன்றாக விழுந்தன. முந்தின நாள் சிரிப்புக்காரர் போன் செய்தார். "சாமானையெல்லாம் பின்பக்கமா வச்சுக்குங்கம்மா. அவங்க போனதும் எடுத்துக்கலாம்." அக்கா "சரிங்க சார்" என்றாள்.

ஆனால் விடிந்ததும் அவளே கட்டிலை, பாத்திர மூட்டையை, பெண்களின் புத்தகப் பெட்டியை எல்லாம் முன்வாசலில் கொண்டுவந்து போட்டாள். நானும் கூடச் சேர்ந்து தூக்கினேன். பிறகு அவள் கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள்.

வேனிலிருந்து இறங்கிய ஒரு அம்மா சாமான்களைப் பார்த்து முகம் மலர்ந்து கேமராவைத் தூக்கினார். "புதுசா குடி வர்றீங்களா? வாழ்த்துகள்மா!"

"இல்லம்மா, காலி பண்றேன்" என்றாள் அக்கா. "உங்கள மாதிரி வர்றவங்களுக்குக் கதவு திறந்துவிட்டே என் வேலை போச்சு. வேலை போனதால வீடும் போச்சு. உள்ள போய்ப் பாருங்க. கூட்டித் துடைச்சுத்தான் வச்சிருக்கேன்."

அந்த அம்மா கேமராவை இறக்கினார். சிரிப்புக்காரர் அவசரமாக முன்னால் வந்து, "வாங்க, வாங்க, இப்படி வாங்க" என்று எல்லோரையும் உள்ளே தள்ளினார். அவர்களும் போய் ஒவ்வொரு அறையாகப் பார்த்தார்கள்.