மகளின் ஃபோனுக்குள் எட்டிப் பார்த்தேன்

ருமேனியாவில் ஒரு சின்ன டவுன். அங்கே பேக்கரியில் மாவு பிசைவது என் வேலை. எலேனா என்ற பெண்மணியின் வீட்டில் ஓர் அறையில் தங்கியிருக்கிறேன். வந்த புதிதில் ஒருநாள், எலேனா தன் மகளின் அறைக்கு முன்னால் நின்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். பூட்டு இறுகிவிட்டது போலும் என்று நினைத்து, ஓடிப்போய் ஸ்குரூ டிரைவர் எடுத்து வந்தேன். அவர் என்னைத் திகைத்துப் பார்த்தார். பிறகு தன் ஃபோனில் தமிழாக்கிக் காட்டினார்: "பூட்டு நன்றாக இருக்கிறது. மகள் உள்ளே இருக்கிறாள்." உள்ளே இருந்தால் திறந்துகொண்டு போக வேண்டியதுதானே? எனக்கு விளங்கவில்லை. இருவரும் சிரித்தோம். ஒரே விஷயத்துக்குச் சிரிக்கவில்லை என்று இப்போது தெரிகிறது.

இதை வாசிக்கும் பிள்ளைகளே, இலங்கையில் ஹாலிஎல பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்னும் வரிசை வீட்டில் எங்களுக்கு ஓர் அறையும் அடுப்படியும்தான். நடுவில் பழைய சேலை ஒன்று திரையாகத் தொங்கும். பக்கத்து வீட்டுக்காரர் இருமினால் எங்கள் வீட்டிலிருந்து "தண்ணி குடிங்க" என்று குரல் கொடுப்போம். அப்படி வளர்ந்தவன் நான். அதனால் புறப்படும்போது, பதினைந்து வயது மகள் டிலானியின் ஃபோனில் ஓர் ஆப்பைப் போட்டுவிட்டு வந்ததில் எனக்குக் கூச்சமே இருக்கவில்லை. அவள் எதைத் தேடினாலும், தடம் தங்காத பிரைவேட் டேப்பில் தேடினாலும், எனக்கு வந்துவிடும். அவளிடம் சொல்லவில்லை. பேக்கரியில் தேநீர் நேரத்தில் திறந்து பார்ப்பேன். கணிதப் பாடம், பாட்டு, முடி கொட்டாமலிருக்க வழி. வீட்டுக்கு ஒரு நடை போய் வந்தது போல இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இப்படி வந்தது: "மார்பில் கட்டி, வலி இல்லை, ஆபத்தா." அதற்குக் கீழே: "வீட்டாருக்குத் தெரியாமல் எங்கே காட்டலாம்." இரண்டும் பிரைவேட் டேப்பில். மாவு ஒட்டிய கையோடு அழைத்தேன்.

"டிலானி, ஒடம்புக்கு என்னம்மா?"

"ஒன்னும் இல்லையேப்பா. ஏன்?"

"மறைக்காத. கட்டின்னு தேடியிருக்க."

ஃபோனோடு வாசலுக்கு வந்துவிட்டாள் போலும், கோழி கொக்கரிப்பது கேட்டது.

"அது ஒங்களுக்கு எப்புடித் தெரியும்?"

சொன்னேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"அது எனக்கில்லப்பா. லயத்துல ஒருத்தங்களுக்கு. அவங்ககிட்ட டச் ஃபோன் இல்ல. ஆருக்கும் தெரியாம பாத்துச் சொல்லு புள்ளன்னு கேட்டாங்க. அதான் தடம் இல்லாம பாத்தேன்."

"யாரு?"

"சொல்ல மாட்டேன்."

"அப்பாகிட்டயுமா?"

"அப்பாவும் அந்த லயத்து ஆளுதானே." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "புதன்கெழம பதுளை ஆஸ்பத்திரிக்கு வர்றேன்னு இப்பத்தான் ஒத்துக்கிட்டாங்க. நீங்க பாத்துட்டீங்கன்னு சொன்னா வர மாட்டாங்க. சொல்லாம கூட்டிட்டுப் போகவும் எனக்கு மனசு வராது."

ஃபோனை வைத்த பிறகு மாவு கையில் காய்ந்து வெடித்தது. அப்போதுதான் எனக்குக் கடிதங்கள் ஞாபகம் வந்தன. டிலானி வயதில் எங்கள் லயத்தில் எழுத்துக் கூட்டாமல் வாசிக்கிறவன் நான். குவைத்துக்குப் போன அக்காமாரின் கடிதங்களைப் பெண்கள் இடுப்பில் சொருகிக்கொண்டு, லயத்தார் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்கு வருவார்கள். தண்ணீர் விழுகிற சத்தத்தில் நான் வாசிப்பேன். அடி வாங்கியது, அழுதது, வீட்டுக்காரருக்குச் சொல்லாதே என்பது எல்லாம் அதில் இருக்கும். வாசித்தவன் வாய் திறக்கக்கூடாது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அம்மா தோண்டித் தோண்டிக் கேட்டும் நான் சொன்னதில்லை. இன்று என் மகள் கையில் இருப்பதும் அந்தக் கடிதம்தான். அவள் தோளுக்கு மேலால் எட்டி அதை வாசித்தவன் நான்.

திரும்ப அழைத்தேன். "நான் பாத்தத அவங்ககிட்டயே சொல்லிரும்மா. பீலிக்கரையில கடுதாசி வாசிச்சவந்தான் பாத்தான், அவன் வாய் இன்னும் அப்புடியேதான் இருக்குன்னு சொல்லு. அந்த ஆப்ப எப்புடி அழிக்கிறதுன்னும் பாரு."

"அழிச்சிட்டேன்," என்றாள்.

புதன்கிழமை மாலை அவளே கூப்பிட்டாள். "வந்தாங்கப்பா. ஒங்கள சொன்னதும், அவனா, அவன் கல்லு மாதிரி, வாயே தொறக்க மாட்டான்னு சிரிச்சாங்க. டாக்டர் ஊசியால நீரெடுத்துப் பாத்துட்டு, வெறும் நீர்க்கட்டி, பயப்படுற கட்டி இல்லன்னாரு." அந்தப் பெண் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இதை எழுதலாமா என்று டிலானி மூலம் கேட்டேன். "பேரு போடாம எழுதச் சொல்லு" என்று பதில் வந்தது.

இப்போது தேநீர் நேரத்தில் பார்ப்பதற்கு எதுவும் வருவதில்லை. நானேதான் கேட்க வேண்டியிருக்கிறது. அவளும் முன்பைவிட அதிகமாகப் பேசுகிறாள். அழைத்ததும் முதலில் மேசையில் இரண்டு தட்டுத் தட்டுவேன். "உள்ள வாங்கப்பா. நம்ம லயத்துக்கு ஆரு தட்டிட்டு வந்தா?" என்று கேலி செய்வாள். ஒருநாள் மறந்துவிட்டேன். "இன்னைக்கித் தட்டலயே," என்றாள்.

இங்கே என் அறைக்கு நல்ல பூட்டு இருக்கிறது. பழக்கத்தில் நான் கதவைச் சாத்துவதே இல்லை. மாலையில் எலேனா வந்து, விரியத் திறந்து கிடக்கும் கதவைத் தட்டிவிட்டு வெளியே நிற்கிறார். "உள்ள வாங்க," என்கிறேன், தமிழிலேயே.