தூரமோ என்று மட்டும் கேட்டேன்

அந்தக் கம்பத்தில் இரண்டு மரப்பலகைகள் அறைந்திருந்தார்கள். ஒன்று இடப்பக்கம் காட்டியது, மற்றது வலப்பக்கம். எழுத்து எதுவும் எனக்கு விளங்கவில்லை. நல்லவேளையாக, எழுத்துக்குக் கீழே யாரோ சின்னதாகப் படம் வரைந்திருந்தார்கள். இடப்பக்கப் பலகையில் மூன்று கோடுகளாக விழும் தண்ணீர். வலப்பக்கப் பலகையில் சிவப்பாக ஒரு கோயில் வாசல்: இரண்டு தூண்கள், மேலே இரண்டு குறுக்குக் கட்டைகள். லண்டன் ஹவுன்ஸ்லோவில் எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டு நிற்கும்போது இன்றைக்கும் சில வேளை அந்தக் கம்பம் கண்முன் வரும். என் பிள்ளை எந்தப் பக்கம் போனாள் என்று தெரியாமல் அதன் அடியில் நின்றிருக்கிறேன்.

என்னை ஜப்பானுக்குக் கூட்டிப்போனவர் என் மச்சாள், கணவரின் மூத்த அக்கா. இளம் வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து தனியாக ஜெர்மனிக்கு அகதியாகப் போய், பல வருடம் அங்கே இருந்துவிட்டு, தம்பி இருக்கிறான் என்று லண்டனுக்கு வந்தவர். விமான நிலையத்தில் வேலை. வேலைசெய்பவர்களுக்குக் கிடைக்கும் மலிவு டிக்கெட்டில், இடமிருந்தால் ஏறலாம் என்ற நிபந்தனையோடு, ஒவ்வொரு வருடமும் ஒரு நாடு பார்ப்பார். கலியாணம் செய்யவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், "பிளைட்டிலை ஒரு சீட்டுத்தான் காலியா இருந்தது" என்பார்.

அந்த வருடம் என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. "அக்காவைத் தனிய விடேலாது, நீ பிள்ளையோடை போட்டு வா" என்றார். மச்சாள் என் காதுக்குள், "உன்னைத் தனிய வீட்டிலை விடப் பயந்துதான் என்னோடை அனுப்புறான், விளங்குதோ?" என்றார். விளங்கியது. மகள் பிறந்த நாளிலிருந்து நான் அவளைக் கண்ணுக்கு மறைய விட்டதில்லை. நித்திரையில் மூச்சு வருகிறதா என்று மூக்கடியில் விரல் வைத்துப் பார்க்கும் பழக்கம் அவளுக்கு இரண்டரை வயதாகியும் என்னை விட்டுப் போகவில்லை. பட்டம் படித்தவள்தான் நான். படிப்பு பயத்துக்குக் கூடுதலான காரணங்களைத்தான் தேடித் தந்தது. ஜப்பானில் நிலநடுக்கம் வருமா, மலையில் கரடி வருமா, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரியில் என்ன பாஷையில் சொல்வது என்று எல்லாவற்றையும் வாசித்து வைத்திருந்தேன்.

நாங்கள் போனது பெரிய பட்டினம் ஒன்றுக்கும் அல்ல. ரயிலால் இறங்கி, பஸ் ஏறி, நெல்வயல்களுக்கு நடுவே ஒரு மலையூர். பிள்ளைகள் குறைந்து மூடிப்போன பள்ளிக்கூடம் ஒன்றை ஓவியர்கள் எடுத்துக் கலைக்கூடமாக்கியிருந்தார்கள். ஒரு வகுப்பறையில் மாணவர்களின் கதிரைகள் எல்லாவற்றையும் நூலில் கட்டிக் கூரையிலிருந்து தொங்கவிட்டிருந்தார்கள். ஜன்னல் காற்றுக்கு அவை மெல்ல ஒன்றையொன்று தட்டிக்கொண்டன. மச்சாள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "எங்கடை பள்ளிக்கூடத்திலையும் இருக்கக் கதிரை இல்லை, பிள்ளை. ஆனா ஒருத்தரும் டிக்கெட் எடுத்துப் பாக்க வரேல்லை" என்றார். அமைதியாக நின்ற சனங்கள் எங்களைத் திரும்பிப் பார்க்கும்படி நான் சிரித்துவிட்டேன்.

மறுநாள் காலை நாங்கள் தங்கிய விடுதியில் சோறும் சூப்பும் சுட்ட மீனும் தந்தார்கள். மச்சாள் தன்னுடைய மீனையும் சாப்பிட்டு என்னுடையதையும் முடித்தார். பிறகு நீர்வீழ்ச்சிக்கும் மலைக்கோயிலுக்கும் போகும் காட்டுப் பாதையில் நடந்தோம். கரடிக்குச் சத்தம் கேட்க வேண்டும் என்று அங்கே நடப்பவர்கள் பையில் மணி கட்டுவார்கள். நான் வாங்கிய மணியை மகளின் சின்ன முதுகுப்பையில் கட்டினேன். அவள் துள்ளித் துள்ளி அதை ஆட்டியபடியே வந்தாள். "கரடி என்ன, சிவபெருமானே எழும்பி வந்திடுவார்" என்றார் மச்சாள்.

பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில், அந்தக் கம்பத்துக்குக் கொஞ்சம் தள்ளி, கூரை போட்டு, உட்கார வாங்கு ஒன்று இருந்தது. பைக்குள் தண்ணீர்ப் போத்தல் கவிழ்ந்து மாற்றுடுப்பெல்லாம் நனைந்திருந்ததால், நான் எல்லாவற்றையும் வெளியே எடுத்து உதறிக்கொண்டிருந்தேன். மச்சாள் எழும்பி மகளின் கையைப் பிடித்தார்.

"நானும் குஞ்சும் ஒருக்கால் போட்டு வாறம்."

எங்கே என்ற சொல் என் வாய்வரை வந்தது. ஆனால் வெளிக்கிடுகிறவரைப் பார்த்து அப்படிக் கேட்கக் கூடாது என்று எங்கள் சனத்துக்கு ஒரு முறை இருக்கிறது. கேட்டால் போகிற காரியம் சரிவராது. கேட்கத்தான் வேண்டுமென்றால் "தூரமோ?" என்று கேட்க வேண்டும். அதோடு, கணவரின் மூத்த அக்காவை அப்படி மறித்துக் கேட்டால், பிள்ளையை அவரிடம் விட எனக்கு மனமில்லை என்று நினைத்துவிடுவாரோ என்ற யோசனையும் வந்தது.

"தூரமோ, மச்சாள்?"

"இல்லை, கிட்டத்தான்."

குனிந்து உடுப்பை மடித்தேன். நிமிர்ந்தபோது இருவரும் இல்லை. எந்தப் பக்கத்திலிருந்து என்று தெரியாமல் மணிச்சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது. முதலில் அதை நல்ல அடையாளமாக எடுத்தேன், பக்கத்தில்தான் எங்கோ நிற்கிறார்கள் என்று. உடுப்பெல்லாம் மடித்து முடிந்தது. பையை மூடித் தோளில் போட்டேன். அவர்கள் வரவில்லை. மச்சாளுக்குப் போன் எடுக்கலாம் என்று பார்த்தால், அவருடைய போன் என் பைக்குள்தான் சார்ஜில் கிடந்தது.

அப்போதுதான் அந்தக் கம்பத்தின் கீழே போய் நின்றேன். இடமா வலமா? பயத்திலும் மூளை கணக்குப் போட்டது. காலையில் மச்சாள் மீன் சாப்பிட்டவர், அதுவும் இரண்டு பங்கு. மச்சம் சாப்பிட்ட நாளில் அவர் ஹவுன்ஸ்லோவில் எங்கள் வீட்டுச் சாமிப்படத்துக்குக்கூடக் கிட்டப் போகமாட்டார். மலைக்கோயிலுக்கு எப்படிப் போவார்? நீர்வீழ்ச்சிதான். இடப்பக்கம் ஓடினேன்.

பாதை இறங்க இறங்க ஈரமாகியது. கைபிடிக்கு ஒரு கயிறு மட்டும். சத்தம் முதலில் மழைபோலக் கேட்டது, பிறகு என்னுடைய குரல் எனக்கே கேட்காத அளவுக்கு ஆகியது. கடைசி வளைவில் நீர்வீழ்ச்சி தெரிந்தது. உயரமாக, வெள்ளையாக, மிக அழகாக இருந்திருக்க வேண்டும். நான் அதைப் பார்க்கவில்லை. அதன் அடியில் இருந்த பச்சைத் தண்ணீருக்குள் என்ன கிடக்கிறது என்றுதான் பார்த்தேன். பாசி பிடித்த பாறைகள், ஒரு முறிந்த கிளை. மனிதர் ஒருவரும் இல்லை. மகளின் பெயரைக் கூப்பிட்டேன், தண்ணீர் அதை விழுங்கிவிட்டது.

திரும்பி ஏறியபோது கால் இரண்டு தடவை வழுக்கியது. மேலே பாதையோரத்தில், வரும்போது நான் கவனிக்காத ஒரு பெண், தொப்பியும் கையுறையுமாகப் புல் வெட்டிக்கொண்டு நின்றார். போனில் மகளின் படத்தைக் காட்டினேன். என் வாயில் தமிழ்தான் வந்தது: "என்ரை பிள்ளை, என்ரை பிள்ளையைக் கண்டனீங்களோ?" அவர் படத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, காதுக்குப் பக்கத்தில் கையை வைத்து மணி ஆட்டுவதுபோல ஆட்டிக் காட்டினார். பிறகு வலப்பக்கப் பாதையைக் கை நீட்டிக் காட்டினார்.

கோயில் பாதை உயர்ந்த மரங்களுக்கு நடுவே கல்படிகளாக ஏறியது. அந்தப் படிகளின் முடிவில் சிவப்பு வாசல் நின்றது. வாசலுக்கு இந்தப் பக்கம், ஒரு அடிகூட உள்ளே போகாமல், மச்சாள் படியில் உட்கார்ந்திருந்தார். மடியில் என் மகள் வாய் திறந்தபடி நித்திரை. அவள் அசையும்போது சத்தம் வராதபடி மச்சாள் அந்த மணியைக் கைக்குள் பொத்திப் பிடித்திருந்தார்.

"சத்தம் போடாதை, இப்பத்தான் கண்ணயர்ந்தவள்" என்றார். பிறகு என் முகத்தைக் கண்டார். "என்ன பிள்ளை? கரடியோ?"

நான் மகளின் மூக்கடியில் விரலை வைத்தேன். சூடாக மூச்சு வந்தது. மச்சாளுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்துவிட்டேன். நீர்வீழ்ச்சிக்கு ஓடியதையும் மீன் கணக்கையும் விக்கி விக்கிச் சொன்னேன்.

"விசரி" என்றார் மச்சாள், என் முதுகைத் தடவியபடி. "மீன் திண்டாப் பிறகு உள்ளுக்குப் போவனோ? பிள்ளை சிவப்பு கேட்டைப் பாக்கோணும் எண்டாள். வாசல்லை நிண்டு கும்பிட்டிட்டு வருவம் எண்டு வந்தன். ஏறின களைப்பிலை நித்திரையாப் போட்டாள், எழுப்ப மனம் வரேல்லை. எங்கை போறியள் எண்டு நீ கேட்டிருக்கலாமே?"

"வெளிக்கிடேக்கை அப்பிடிக் கேக்கக் கூடாதெல்லோ, மச்சாள்?"

அவர் மகளின் தலையை மடியில் நேராக்கினார். "யாழ்ப்பாணத்திலை கேக்கக் கூடாது, சரி. ஏனெண்டால் அங்கை தேடி வரப் பத்துச் சனம் இருந்தது. இங்கை எனக்கு நீதானே இருக்கிறாய். கேள்."

அவ்வளவு நாளும் அவரிடமிருந்து பிள்ளையைக் காப்பாற்றுவதுபோலத்தான் நான் நடந்திருக்கிறேன் என்று அந்தப் படியில் நினைத்தேன். மகள் எழும்பும்வரை மூவரும் அங்கேயே இருந்தோம். பிறகு இறங்கிப் போய் நீர்வீழ்ச்சியைப் பார்த்தோம். இந்தமுறை மேலேயிருந்து கீழேவரை முழுவதையும் பார்த்தேன். என் மகள் மச்சாளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அவளை என் பக்கம் இழுக்கவில்லை.

மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். போன சனிக்கிழமை மச்சாள் மறுபடி ஜப்பானுக்கு வெளிக்கிட்டார், தனியாக. வாசலில் டாக்சி நின்றது. சூட்கேசைத் தூக்கி, "போட்டு வாறன்" என்றார். என் மகள் படிக்கட்டிலிருந்தபடி, "மாமி, எங்க போறீங்கள்? எக்ஸாக்ட்லி எங்க?" என்றாள்.

அவளை அடக்க என் கை எழும்பியது. அதற்குள் மச்சாள் சூட்கேசைக் கீழே வைத்துவிட்டு, அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு இடமாகச் சொல்லத் தொடங்கினார். எந்த ரயில், எந்த ஊர், எந்த மலை, அந்த மலையில் யார் செதுக்கிய சிலைகள். வெளியே டாக்சிக்காரர் ஹோர்ன் அடித்தார்.

"அங்கையிருந்து எங்கை போவியள், மச்சாள்?" என்று கேட்டுக்கொண்டு நானும் கீழ்ப்படியில் உட்கார்ந்தேன்.