டெய்லர் எடுத்த கயாக்

இந்த டெய்லர் இருக்கிறாரே, வாயைத் திறந்தால் பெருமைதான். "ஆளைப் பார்த்தாலே போதும், டேப்பே வேண்டாம்" என்பார். டேப் என்னவோ முப்பது வருஷமாகக் கழுத்தில்தான் தொங்குகிறது. எதற்கு? ஒரு கெத்துக்கு! அவர் தைத்த பேன்ட்டில் குனிய முடியாமல் திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர் என்று அவர் மனைவியைக் கேட்டால் சொல்லுவாள். பிரித்துத் தைப்பவள் அவள்தானே. கடையின் பின் அறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சட்டைகளின் பட்டன் துளைகளுக்குக் காஜா எடுத்து எடுத்து, தெருவுக்கே அவள் காஜா அக்கா.

அந்தக் காஜா அக்காவுக்குப் போன வருஷம் கயாக் பைத்தியம் பிடித்தது. ஒரே ஆள் உட்காரும் அந்த ஒல்லிப் படகை வாடகைக்கு எடுத்து, ஞாயிறு தவறாமல் உப்பங்கழியில் துடுப்புப் போட்டாள். "இந்த வயசுல உனக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று சிரித்தார் டெய்லர். அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. இப்போது கயாக் சொல்லித்தரும் கோச் பெண் சொல்லிவிட்டாள், வரும் ஞாயிறு கடலுக்குள், கலங்கரை விளக்கப் பாறை வரைக்கும் என்று. அதற்கப்புறம் காற்று திரும்பிவிடும். விட்டால் ஆறு மாசம் கழித்துத்தான்.

"கழியில ஓட்டுறது கடலுக்கு ஆகாதுக்கா. சொந்தமா ஒன்னு வாங்குங்க. உள்ள உக்காந்து பார்த்து வாங்குங்க. துடுப்போட நீளம் கயாக்கோட அகலத்தையும் பொறுத்தது, மறந்துடாதீங்க."

அளவு என்ற பேச்சு வந்ததும் டெய்லருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"நான் போய் எடுத்துட்டு வரேன்."

"நானும் வரேங்க. உக்காந்து பாக்கணுமாம்."

"ஸ்கூல் யூனிபார்ம் முந்நூறு கிடக்கு. காஜாவை யார் எடுப்பா?"

"அப்ப ஒரு தடவை என்னை அளந்துட்டாவது போங்க."

"இப்ப நேரமில்ல. உன் அளவு எனக்கு மனப்பாடம்!"

மனப்பாடமாம்! அவர் அவளை அளந்தது ஒரே ஒரு தடவை. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், கல்யாணம் முடிவான புதிதில், ஒரு சுடிதாருக்காக. அதற்குப் பிறகு அவள் இரண்டு பிள்ளை பெற்றாள், நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்த்தாள். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் தைத்துக் கொடுத்த மனுஷன், அவளுக்கு ஒரு கைக்குட்டை வெட்டியிருப்பாரா?

ஞாயிறு காலை கடற்கரையில் வண்டியிலிருந்து இறக்கினார் ஐயா. ஒல்லியான வெள்ளைக் கயாக். உட்காரும் குழி ஒரு அண்டாவின் வாய் அளவுகூட இல்லை. "அப்படியே கச்சிதமா பிடிக்கும் பாரு" என்றார். துடுப்பையும் நீட்டினார். அதன் நடுத்தண்டில் கால் அடி வெட்டி எடுத்து ஒட்டியிருந்தது. பேன்ட் நீளமாக இருந்தால் காலை வெட்டுவது போல வெட்டிவிட்டாராம்.

"அண்ணே, துடுப்பை யாராவது வெட்டுவாங்களா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள் கோச். துணியாக இருந்தால் மடிப்பைப் பிரித்து இறக்கலாம். இதை என்ன செய்ய?

காஜா அக்கா ஒரு காலை உள்ளே விட்டாள். அடுத்த காலையும் விட்டாள். இடுப்பு விளிம்பிலேயே நின்றுவிட்டது. கூடக் கடலுக்குள் போக வந்த எட்டுப் பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மூச்சைப் பிடி, இறங்கிடும்" என்றார் டெய்லர். குனிய முடியாதவர்களிடம் கடையில் சொல்லும் அதே வசனம்!

அவள் காலை உருவிக்கொண்டு எழுந்தாள். அவமானத்தில் முகம் எரிந்தது. அதைவிட அதிகமாக வயிறு எரிந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு இந்த மனுஷன் இத்தனை வருஷமாக யாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்?

கோச் வேனைக் கை காட்டினாள். "மேல ஸ்பேர் ஒன்னு இருக்குக்கா. பழசுதான், ஆனா அகலம். துடுப்பும் முழுசா இருக்கு."

சிவப்புக் கயாக். தண்ணீரில் இறக்கி உட்கார்ந்தாள், தாராளமாக இருந்தது. அப்பாடா!

"அப்ப இதை என்ன பண்றது?" என்றார் டெய்லர், வெள்ளைக் கயாக்கைப் பார்த்தபடி.

"அது எனக்கு வாங்கினது இல்லைங்க. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தியை அளந்தீங்களே, அவளுக்கு வாங்கினது. அவ வந்தா குடுங்க."

டெய்லர் மெதுவாகக் கழுத்திலிருந்து டேப்பை உருவினார். முழங்கால் தண்ணீரில் பேன்ட் நனைய இறங்கி வந்தார். "இரு. இப்பவே அளந்துடறேன்" என்றார். குரலில் பெருமை இல்லை, கெஞ்சல்தான் இருந்தது.

இந்த வார்த்தைக்காக அவள் எத்தனை வருஷம் ஏங்கியிருப்பாள்! கண் கலங்கத்தான் செய்தது. ஆனால் மற்ற கயாக்குகள் அலையைத் தாண்டிவிட்டன.

"இப்ப நேரமில்லைங்க" என்று சொல்லிவிட்டுத் துடுப்பைத் தண்ணீரில் போட்டாள்.