கிழிந்த கடைசிப் பக்கங்கள்

சங்கரன்கோவில் பழைய புத்தகக் கடையில் மாத நாவல் ஒன்றைப் பிரித்ததும் எழுந்த சாணித்தாள் வாசனையில், விசைத்தறி இரைந்த எங்கள் பழைய வீடு திரும்பி வந்தது. தறிக்கு நூல் சுற்றிக்கொண்டே, மடியில் மறைத்து, அக்கா இதே நாவலை, ஒரு துப்பறியும் பெண்ணின் கதையை, படிப்பாள். ஒருநாள் அப்பா பார்த்துவிட்டார்.

“ஏட்டி, பொட்டச்சிக்குத் துப்பறியுத வேலை கேக்குதோ?” என்று கடைசிப் பக்கங்களைக் கிழித்து அடுப்பில் போட்டார்.

அக்கா என்னிடம் ரகசியமாகச் சொன்னாள்: “திருடன அவ பிடிச்சிருவா மக்கா. அடுத்த கேஸுக்குக் கிளம்பிருவா. அவள ஒருத்தனும் நிறுத்த முடியாது.”

அந்தத் தையிலேயே அக்காவுக்குக் கல்யாணம். பிறகு அவள் எதையும் படித்து நான் பார்த்ததில்லை.

கடையில் நின்றபடியே முடிவைப் படித்தேன். திருடனைப் பிடித்ததும் அந்தப் பெண் துப்பறிவதையே விட்டுவிடுகிறாள். மாப்பிள்ளை வீட்டாருக்குப் பிடிக்கவில்லையாம்.

அப்பா கிழித்த அதே பக்கங்களை நானும் கிழித்துவிட்டுத்தான் புத்தகத்தை அக்காவிடம் கொண்டுபோனேன்.