ஒன்பது முறை திரும்பி வந்த இணைப்பு

சூவா துறைமுகத்தில், தீவுகளுக்குப் போகும் கப்பல் கம்பெனியின் டேட்டாபேஸ்களை இருபத்திரண்டு வருஷமாகக் கட்டி மேய்க்கிறவள் லோசலினி. வாய் ஓயாமல் சிரிப்பாள், கையும் ஓயாது. பயணச்சீட்டு வேலையைப் புதிய டேட்டாபேஸுக்கு மாற்றி ஒரு வாரம் ஆகியிருந்தது. அந்த வெள்ளிக்கிழமை பழையதை அழித்தாக வேண்டும். சர்வரில் இடமில்லை, நண்பகலுக்குள் அழிக்காவிட்டால் சாயங்காலக் கப்பலுக்குச் சீட்டே போட முடியாது.

அழிக்கச் சொன்னால், உள்ளே ஒருவர் இருக்கிறார் என்று எந்திரம் மறுத்தது. பார்த்தால் தவேயூனித் தீவுக் கவுன்ட்டரிலிருந்து ஒரே ஓர் இணைப்பு. யாரோ மூட மறந்திருப்பார்கள் என்று துண்டித்தாள். சில நொடிகளில் திரும்பி வந்தது. மறுபடி துண்டித்தாள், மறுபடி வந்தது. இப்படி ஒன்பது முறை! யாரும் நுழையாதபடி முதலிலேயே பூட்டியிருக்க வேண்டும்; பழகிய வேலைதானே என்ற அலட்சியம்.

"என்னக்கா, பேய் பிசாசா?" என்றான் மேலாளர் பிரனீல். "ஒரே வரி அடிங்க. இருக்கிற ஆளையும் தள்ளிட்டு மொத்தமா அழிச்சிடும். சாப்பிடப் போகலாம்."

அந்த வரியை அடித்தும் விட்டாள். அனுப்பும் பொத்தான்மேல் விரல். ஆனால் ஒன்பதாவது முறை மட்டும் இணைப்பு வர அஞ்சு நிமிஷம் ஆகியிருந்தது. எந்திரமென்றால் தவறாமல் ஒரே இடைவெளியில் வருமே? இது மனுஷ வேலை. தவேயூனிக் கவுன்ட்டருக்குப் போன் போட்டாள்.

எடுத்தவன் செமிசி, அவளுடைய மாமன் மகன். மாமன் மகனும் அத்தை மகளும் ஒருவரையொருவர் சீண்டாவிட்டால் அந்த ஊரில் அது உறவே இல்லை.

"வாடி அத்தை மகளே! ஒம்போது தடவை வெளியே தள்ளுனியே, போனேனா நானு? கடைசித் தடவை டீ குடிக்க எழுந்தேன், அவ்வளவுதான்."

"அடப்பாவி, விளையாட்டுன்னா நெனச்சே?"

"பின்னே? போன மாசம் உன் தட்டு மீனைத் தூக்கித் தின்னேனே, அதுக்குப் பழி வாங்கறியோன்னு பாத்தேன்."

"உள்ளே என்னடா பண்றே?"

"சாயங்காலம் கப்பல் ஏறுறவங்க பேரை எழுதறேன். நாப்பத்தொரு பேரு."

திரையில் அடித்து வைத்திருந்த வரியை லோசலினி முதலில் நீக்கினாள். "புதுசுல எழுதச் சொல்லித் தகவல் அனுப்பினேனே!"

"புதுசுல குறிப்பு எழுத எடம் எங்கே இருக்கு? மாசமா இருக்கறவளுக்குக் கீழ்ப்படுக்கை வேணும்னு எங்கே எழுதறது, உன் முதுகுலயா?"

நியாயம்தான். புதியதில் குறிப்புக்கு ஒரு கட்டம் சேர்த்தாள். நாற்பத்தொரு பெயரையும் அதற்கு மாற்றி, செமிசியை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லிச் சரிபார்த்தாள். அவன் வெளியேறியதும் நுழைவைப் பூட்டி அழித்தாள். பழையது நொடியில் போயிற்று.

"நல்லவேளை அக்கா, நீங்க உஷாரு" என்றான் பிரனீல்.

"உஷாரா! போ தம்பி. அந்த அஞ்சு நிமிஷம் அவன் டீ குடிக்க எழுந்திருக்கலேன்னா நாப்பத்தொரு பேரையும் கரையில நிக்க வெச்சிருப்பேன்." அவளுக்குச் சிரிப்பு வந்தது. கை மட்டும் நாற்பத்தொரு பெயரையும் இன்னொரு தடவை எண்ணத் தொடங்கியிருந்தது.