அண்ணி வகுப்பில் போட்ட வீடியோ

அண்ணி கம்ப்யூட்டர் டீச்சர். அதே பள்ளியில் பெருக்கும் வேலை எனக்கு. இணையத்தில் எதைப் பார்த்தாலும், சொல்வது யார், எதை விற்கிறார் என்று கேட்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார். வீட்டிலோ அண்ணன் ஒரு வீடியோவை நம்பி, சிறுநீரக மாத்திரையை நிறுத்திவிட்டு ஏதோ பொடியைக் குடித்தார். அண்ணி தடுத்தபோது, "உன் பாடத்தை ஸ்கூலோட வச்சுக்க" என்று சிரித்தார். கொஞ்ச நாளில் போய்ச் சேர்ந்தார்.

வேலைக்குத் திரும்பிய அன்று அண்ணி அதே வீடியோவை வகுப்பில் போட்டார்.

"டாக்டர் கோட்டு போட்டிருக்காரே மிஸ்?"

"கோட்டு கடையில கிடைக்கும்டா. இவர் பேச்சைக் கேட்டுத்தான் என் வீட்டுக்காரர் செத்தார்."

பின்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்தாள். "எங்கப்பாவும் இதைத்தான் குடிக்கிறாரு மிஸ். நீங்க வந்து சொல்றீங்களா?"

"என் பேச்சை என் வீட்டுக்காரரே கேட்கலம்மா" என்றார் அண்ணி. ஆனாலும் கைப்பையை எடுத்துக்கொண்டார்.